௶, ௸, 𑿓: என் திரையில் எழுத்து, வாசிகசாலைத் திரையில் வெறும் கட்டம்

கூதல்காற்று (ஹட்டன்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வாசிகசாலைக்கு, பழைய பெரிய கங்காணி (ஆள் திரட்டி வேலை வாங்கிய மேற்பார்வையாளர்) ஒருவரின் வீட்டார் அவருடைய பற்று வரவுப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். 1930ஐ ஒட்டிய கணக்கு. யாருக்கு எவ்வளவு அரிசி, யாருக்குக் கம்பளி, யார் தலையில் எவ்வளவு கடன் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. படம் பிடித்து வைப்பதோடு நின்றுவிடாமல், எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, பெயரைப் போட்டாலும் பொருளைப் போட்டாலும் தேடிக் கிடைக்கும்படி வைக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

சிக்கல் முழுவதும் குறிகளில்தான். ஒரு வரியைப் பாருங்கள்:

பிரமோதூத ௵ ஆடி ௴ 12 ௳ ௸ ஆளுக்கு அரிசி 𑿓 புசல் ௶ ௹ 4.80

வருடம், மாதம், நாள், மேற்படி, முக்கால், பற்று, ரூபாய் என்று வாசிக்க வேண்டும். புசல் என்பது முகத்தலளவை. என் மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. வாசிகசாலையில் இருக்கும் பழைய கணினியில் ௵, ௸, ௶ எல்லாம் கட்டம். அதிலும் முக்கால் குறி ஒன்றுதான், கட்டமோ இரண்டு! வட்ஸ்அப்பில் அனுப்பினால் சிலருக்குத் தெரிகிறது, சிலருக்கு இல்லை. ஓர் இணையத்தளத்தில் ஏற்றிப் பார்த்தோம். அங்கே முக்கால் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் நிற்கின்றன, மற்றக் குறிகள் பிழைத்துக்கொண்டன.

என்ன செய்யலாம்? குறிகளை விட்டுவிட்டு 'மேற்படி', 'பற்று' என்று எழுதிவிடுங்கள் என்று ஒருவர் சொன்னார். அப்படிச் செய்தால் அது கங்காணியின் கணக்காக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய அச்சுக்காரன் (தலவாக்கலை)

தம்பி, இதற்கு இவ்வளவு யோசனை வேண்டாம். குறிகளை ஸ்கேன் செய்து சிறு படமாக வெட்டி வரிக்குள் ஒட்டிவிடுங்கள். எந்தக் கணினியில் திறந்தாலும் படம் படமாகவே நிற்கும். திருமண அழைப்பிதழில் 'நிகழும் மங்களகரமான' என்று தொடங்கி ௵ வருகிற இடத்தில் நாங்கள் காலங்காலமாக அப்படித்தான் செய்கிறோம். தமிழுக்குப் பாமினி எழுத்துரு, குறிக்குப் படம். மாப்பிள்ளை வீட்டார் யாரும் வந்து இது யூனிகோடா என்று கேட்டதில்லை.

எழுத்தெண்ணி (கண்டி)

அச்சுக்கார அண்ணனின் வழி தாளோடு முடிகிற வேலைக்குச் சரி. கூதல்காற்று கேட்பது தேடக்கூடிய எழுத்து. படத்துக்குள் தேட முடியாது. 'பற்று எத்தனை இடத்தில் வருகிறது' என்று நாளை ஒரு மாணவி கேட்டால் ஒட்டிய படம் பதில் சொல்லாது.

முதலில் கோளாறுகளைப் பிரித்துக்கொள்வோம். கட்டம் ஒன்று, இரட்டைக் கட்டம் ஒன்று, கேள்விக்குறி ஒன்று. மூன்றுக்கும் வேர் வேறு வேறு. எல்லாவற்றையும் 'எழுத்துரு வேலை செய்யவில்லை' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆள் ஆளுக்கு ஒரு மருந்து சொல்கிறார்கள்.

கோப்புக்குள் இருப்பது எழுத்தின் வடிவம் அல்ல, எண். யூனிகோட் என்ற உலகப் பொது எழுத்து அட்டவணையில் ௶ என்றால் 3062. அவ்வளவுதான் கோப்புக்குத் தெரியும். வடிவம் எழுத்துருவில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துருவுக்குள்ளும் 'இந்த எண்ணுக்கு இந்த வடிவம்' என்று ஓர் அட்டவணை உண்டு. நீங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவின் அட்டவணையில் 3062 இல்லையென்றால், கணினி தன்னிடம் உள்ள மற்ற எழுத்துருக்களைத் துழாவும். ஏதாவது ஒன்றில் கிடைத்தால் அந்த ஓர் எழுத்தை மட்டும் அங்கிருந்து கடன் வாங்கி வரையும். அதனால்தான் சில வேளைகளில் ஒரு குறி மட்டும் தடித்தோ சிறுத்தோ, வரியோடு ஒட்டாமல் நிற்கிறது. எதிலும் கிடைக்காவிட்டால், எழுத்துருவின் 0ஆம் இடத்தில் இதற்கென்றே வைத்திருக்கும் 'வடிவம் இல்லை' என்ற வடிவத்தை வரையும். நீங்கள் பார்ப்பது அதைத்தான். சில எழுத்துருக்களில் அது வெறும் கட்டம், சிலவற்றில் உள்ளே பெருக்கல் அடையாளம் இருக்கும்.

ஆகவே கட்டம் தெரிந்தால் பதற வேண்டாம். செக்ரோலில் (ஆள் பதிவேட்டில்) பெயர் இருக்கிறது, ஆள்தான் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வரவில்லை. அந்தக் கட்டத்தை அப்படியே நகலெடுத்து இன்னொரு கணினியில் ஒட்டினால் அங்கே ௶ என்று எழுந்து நிற்கும்.

கேள்விக்குறி அப்படியல்ல. தமிழே தெரியாத பழைய குறியாக்கத்தில் (எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையில்) கோப்பைச் சேமித்தாலோ, தரவுத்தளம் அந்த எழுத்தை ஏற்க மறுத்தாலோ, நிரல் அந்த இடத்தில் '?' என்ற வேறோர் எழுத்தை எழுதிவைத்துவிடுகிறது. அதன் எண் 63. இப்போது கோப்பில் இருப்பது 63 மட்டுமே. உலகத்து எழுத்துருக்களையெல்லாம் கொண்டுவந்து நிறுவினாலும் அது முக்காலாக மாறாது. மூலத்திலிருந்து மீண்டும் ஏற்றுவது தவிர வழியில்லை.

இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு. கறுப்பு வைர வடிவத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி. அதன் எண் 65533. பைட்டுகளை வாசித்த நிரலுக்கு அவை புரியவில்லை என்பதன் அடையாளம் அது. கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட்டு, சரியான குறியாக்கத்தைத் தேர்ந்து மீண்டும் திறந்தால் பெரும்பாலும் மீண்டுவிடும். அந்த நிலையிலேயே சேமித்துவிட்டால் போனது போனதுதான்.

கூதல்காற்று (ஹட்டன்)

நன்றி ஐயா. அப்படியானால் முக்கால் மட்டும் ஏன் இரண்டு கட்டம்? ஏன் அது மட்டும் கேள்விக்குறி ஆகிறது?

எழுத்தெண்ணி (கண்டி)

எல்லாம் அது பிறந்த காலத்தையும் குடியிருக்கும் இடத்தையும் பொறுத்தது.

யூனிகோடின் தமிழ்ப் பகுதி 3072க்குள் முடிந்துவிடுகிறது. பத்து, நூறு, ஆயிரம் ஆகிய ௰, ௱, ௲ தொடக்க காலத்திலிருந்தே அங்கே இருப்பவை. ௳ முதல் ௺ வரையிலான நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் குறிகள் 2003இல் 4.0 பதிப்போடு வந்தன. ௐ இன்னும் பின்னால், 2008இல் வந்தது. முக்கால், அரைக்கால், மாகாணி, முந்திரி போன்ற பின்னங்களும், குறுணி, பதக்கு, உழக்கு, பணம், வராகன் போன்றவற்றின் குறிகளும் 2019 மார்ச்சில் 12.0 பதிப்பில்தான் இடம் பெற்றன. மொத்தம் 51 எழுத்துகள். பழைய பகுதியில் இடம் போதாததால் அவற்றுக்குத் தனிக் குடியிருப்பு ஒதுக்கினார்கள். அது 73664இல் தொடங்குகிறது. உங்கள் முக்காலின் எண் 73683.

எனவே எழுத்துருவின் வயதைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். 2003க்கு முன் செய்த எழுத்துருவிடம் ௶ கேட்டால் அது எங்கே போகும்? 2019க்கு முன் செய்ததிடம் முக்கால் கேட்பதும் அப்படித்தான்.

இரட்டைக் கட்டத்துக்கு வருகிறேன். பழைய நிரல்கள் ஓர் எழுத்துக்கு 16 பிட்டு என்று கணக்குப் போட்டு எழுதப்பட்டவை. 16 பிட்டில் 65535 வரைதான் எண்ண முடியும். 73683 அதற்கு மேலே இருப்பதால் அதை இரண்டு துண்டாக்கிச் சேமிப்பார்கள். இவை இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து என்று அறியாத நிரல், ஆளுக்கொரு கட்டம் போட்டுவிடுகிறது. உள்ளே எழுத்து பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் அந்த நிரலில் பின்னழிப்பு விசையைத் தட்டிவிடாதீர்கள், பாதி எழுத்து மட்டும் அழிந்து மறுபாதி அனாதையாக நிற்கும்.

கேள்விக்குறிக் கதையை இணையத்தள வேலை செய்பவர் யாராவது சொன்னால் நல்லது.

கொழுந்துக்கூடை (கொட்டகலை)

அது என் வேலை. அந்தத் தளம் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், கூதல்காற்று அண்ணா சொல்லும் அறிகுறி அப்படியே பொருந்துகிறது. அதில் 'யுடிஎஃப்8' என்ற பெயரில் ஒரு குறியாக்கம் உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். உண்மையான யுடிஎஃப்8 எழுத்து ஒன்றுக்கு 4 பைட்டு வரை போகும், இதுவோ 3 பைட்டு வரைதான் ஏற்கும். க, ங, ச முதல் ௺ வரை எல்லாத் தமிழ் எழுத்தும் 3 பைட்டுக்குள் அடங்கிவிடுவதால் ஆண்டுக்கணக்கில் யாருக்கும் சந்தேகமே வராது. முக்கால் குறிக்கு 4 பைட்டு வேண்டும். அங்கே வாசல் மூடிவிடுகிறது. ஒன்று கேள்விக்குறி விழும், இல்லையென்றால் அந்த இடத்திலிருந்து மீதி உரை முழுவதும் வெட்டுப்படும்.

மருந்து, அட்டவணையை 'யுடிஎஃப்8எம்பி4' என்ற வகைக்கு மாற்றுவது. 2010இல் வந்த 5.5.3 பதிப்பிலிருந்து அது இருக்கிறது. அட்டவணையை மட்டும் மாற்றிவிட்டு, தளத்துக்கும் தரவுத்தளத்துக்கும் இடையிலான இணைப்பை மாற்றாமல் விடுகிறவர்கள் அதிகம். இரண்டையும் மாற்ற வேண்டும். தள நிர்வாகியிடம் 'முகச்சிரிப்புப் படக்குறி போட்டால் கேள்விக்குறி வருகிறதா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் நோய் இதுதான், ஏனென்றால் அந்தப் படக்குறிகளும் 4 பைட்டுக்காரர்கள். உண்மையைச் சொன்னால், பலரும் இதைச் சரிசெய்ததே சிரிப்புக் குறிகளுக்காகத்தான். முந்திரியும் மாகாணியும் அந்தப் புண்ணியத்தில் உள்ளே வந்தன.

பழைய அச்சுக்காரன் (தலவாக்கலை)

எல்லாம் சரி, நானும் விளங்கிக்கொண்டேன். ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். எல்லா எழுத்தும் உள்ள ஒரே எழுத்துருவைச் செய்து எல்லாக் கணினியிலும் போட்டுவிட்டால் கதை முடிந்ததல்லவா? இத்தனை வல்லுநர்கள் இருந்தும் அதை ஏன் செய்யவில்லை?

எழுத்தெண்ணி (கண்டி)

செய்ய இடமில்லை அண்ணே. இன்று புழங்கும் எழுத்துருக் கோப்பில் வடிவங்களின் வரிசையெண் 16 பிட்டு. 65,535 வடிவங்களுக்கு மேல் ஒரு கோப்பில் வைக்க முடியாது. 2024இல் வந்த யூனிகோட் 16.0 பதிப்பில் 154,998 எழுத்துகள் இருக்கின்றன. தமிழ் போன்ற எழுத்துமுறைக்கு எழுத்துக்கு ஒரு வடிவமும் போதாது. கு, டு, ழு என்று உகரம் ஏறிய ஒவ்வொன்றுக்கும் தனி வடிவம் வரைய வேண்டும்.

அதனால்தான் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தை எழுத்துமுறை வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் 'நோட்டோ சான்ஸ் தமிழ்' என்பது வழக்கமான எழுத்துகளுக்கும் ௳ முதல் ௺ வரையிலான குறிகளுக்கும். பின்னங்களுக்கு 'நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட்' என்று தனிக் கோப்பு. இரண்டும் இலவசம், யாரும் பகிரலாம். கூதல்காற்று வாசிகசாலைக் கணினியில் இரண்டையும் நிறுவினால் போதும். ஒன்றை மட்டும் நிறுவிவிட்டு முக்கால் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள்தான் அதிகம். நிறுவிய பின் சொற்செயலியை மூடித் திறக்க மறக்க வேண்டாம்.

விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யுஐ எழுத்துருவிலும் பற்று, வரவு முதலிய குறிகள் உண்டு. அதற்கு முந்திய கணினியில் அவை தெரியாவிட்டால் நாமே நிறுவுவதுதான் வழி.

ஊவாக்காரி (பதுளை)

நான் பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். இதே இடத்தில் என் சந்தேகத்தையும் கேட்டுவிடுகிறேன். வினாத்தாள் தட்டச்சு செய்யும்போது எனக்குக் கட்டம் வருவதில்லை, புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வருகிறது. 'கெ' என்று அடிக்கப் போனால் கொம்புக்குப் பக்கத்தில் அந்த வட்டம் ஒட்டிக்கொள்கிறது. எழுத்துருவை மாற்றி மாற்றிப் பார்த்தும் போகவில்லை.

எழுத்தெண்ணி (கண்டி)

டீச்சர், நீங்கள் தட்டச்சுப்பொறியிலோ பாமினியிலோ பழகியவராக இருக்க வேண்டும். அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்போம், முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் சேமிக்கும் வரிசை ஒலியின் வரிசை, முதலில் க, பிறகு கொம்பு. வரிசையை மாற்றி அடித்தால் 'ெக' என்று இப்படித்தான் வரும். கொம்பு தன்னைத் தாங்க மெய்யெழுத்து இல்லாமல் நிற்கிறது என்று கணினி அந்த வட்டத்தைப் போட்டுக் காட்டுகிறது. எழுத்துருவில் எந்தக் குறையும் இல்லை. நூறு எழுத்துரு மாற்றினாலும் வட்டம் போகாது, விசைவரிசையை மாற்றினால் போய்விடும். பழைய தட்டச்சுப் பழக்கத்தை விட முடியாதவர்களுக்காக, நாம் அடிக்கும் வரிசையை உள்ளே திருப்பிப் போட்டுக்கொள்ளும் விசைப்பலகை நிரல்களும் உண்டு.

ஊவாக்காரி (பதுளை)

விளங்கியது, நன்றி. இன்னும் ஒன்று. ஸ்ரீ. கோயில் அறிவித்தலில் 'ஸ்ரீ முத்துமாரியம்மன்' என்று அடித்தேன். என் கணினியில் அழகாக வந்தது. தர்மகர்த்தாவின் கணினியில் ஒரு கட்டமும் ரீயும்! என் பெயரில் பழி வந்து சேர்ந்ததுதான் மிச்சம்.

எழுத்தெண்ணி (கண்டி)

அது சுவையான சங்கதி. ஸ்ரீயை இரண்டு விதமாக எழுதலாம். ஸ் என்பதோடு ரீ சேர்த்தும் எழுதலாம், ஶ் என்ற கிரந்த எழுத்தோடு ரீ சேர்த்தும் எழுதலாம். பின்னது தமிழ்ப் பகுதிக்கு 2005இல் வந்தது. புதிய எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒரே வடிவமாக வரைந்துவிடுவதால் கண்ணால் பார்த்து வேறுபாடு காண முடியாது. ஶ இல்லாத பழைய எழுத்துருவில் முதற்பாதி கட்டமாகிவிடும். உங்கள் விசைப்பலகை ஶ் வழியாக அடிக்கிறது என்று நினைக்கிறேன்.

கூதல்காற்று, நீங்களும் இதைக் கவனியுங்கள். ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் மறுவிதமாகவும் அடித்தால், தேடும்போது பாதி ஸ்ரீ அகப்படாது. வேலை தொடங்கும் முன்பே ஒன்றை முடிவு செய்துவிடுங்கள்.

பழைய அச்சுக்காரன் (தலவாக்கலை)

ரூபாய்க் குறியைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். அண்மைக் காலமாகக் கோயில் பற்றுச்சீட்டுக்கெல்லாம் ₹ போட்டுக் கொண்டுவருகிறார்கள். அது இந்தியா 2010இல் தன் நாணயத்துக்கு எடுத்துக்கொண்ட குறி. நாங்கள் வசூலிப்பது இலங்கை ரூபா. கைபேசி விசைப்பலகையில் முன்னால் நிற்கிறது என்பதற்காகப் போடுவதா? 'ரூ.' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? கங்காணி எழுதிய ௹ தமிழ்க் குறி, அதை அப்படியே வையுங்கள். ₹ மட்டும் வேண்டாம்.

இன்னொரு யோசனை. எங்கள் கடைப் பையன் எழுத்துரு வரையத் தெரிந்தவன். கங்காணியின் கையெழுத்திலேயே முக்கால், அரை, மேற்படி எல்லாம் வரைந்து, யூனிகோடில் யாரும் பயன்படுத்தாத இடங்களில் வைத்துத் தந்தால்?

எழுத்தெண்ணி (கண்டி)

₹ விடயத்தில் உங்கள் கட்சிதான் அண்ணே.

இரண்டாவது யோசனை வேண்டாம். நீங்கள் சொல்வது தனிப்பயன் பகுதி, 57344 முதல் 63743 வரை. அங்கே யாரும் எதையும் வைக்கலாம், அதுதான் வம்பு. உங்கள் முக்கால் இன்னொருவருடைய எழுத்துருவில் பூவாகவோ அம்பாகவோ இருக்கும். தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்16 குறியாக்கமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஆகவே தமிழுக்குள்ளேயே மோதல் வரும். பாமினியின் கதையும் இதுதானே? ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை மாட்டினார்கள். எழுத்துரு இருக்கும்வரை தமிழ், இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. அங்கே கட்டம்கூட வராது. எழுத்துரு இல்லை என்று எச்சரிக்கக் கணினிக்கு வழியே இல்லை, ஏனென்றால் அதைப் பொறுத்தவரை அது உண்மையான ஆங்கிலம்.

கங்காணியின் கையெழுத்தில் எழுத்துரு செய்வது நல்ல யோசனை. பையனைச் சரியான எண்களில் வைக்கச் சொல்லுங்கள். முக்காலை 73683இல், பற்றை 3062இல். அப்போது அந்த எழுத்துரு இல்லாதவர்களுக்கும் வேறோர் எழுத்துருவில் முக்கால் முக்காலாகவே தெரியும்.

பழைய அச்சுக்காரன் (தலவாக்கலை)

பாமினியைக் குப்பை என்றால் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். இந்த மலையில் முப்பது ஆண்டுக்குத் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், சங்கத் துண்டுப்பிரசுரம் எல்லாம் அதில்தான் வெளியே போயின. யூனிகோட் தமிழைப் பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். பிளேட்டுக்குப் போகும் முன் எழுத்தை எல்லாம் கோட்டுருவமாக மாற்றிவிடுவோம், அங்கே எழுத்துருவும் இல்லை, எண்ணும் இல்லை. தாளில் விழுவது மைதான்.

எழுத்தெண்ணி (கண்டி)

குப்பை என்றது எழுத்துரு இல்லாத கணினியில் தெரிவதை, உங்கள் வேலையை அல்ல. கோட்டுருவமாக மாற்றுவதிலும் எனக்கு வழக்கில்லை. மாற்றும் முன் உரைக்கோப்பைத் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள் என்பதே கோரிக்கை. பத்து ஆண்டு கழித்து அதே நோட்டீஸை யாராவது கேட்டால் மீண்டும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

கொழுந்துக்கூடை (கொட்டகலை)

கைபேசியைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் கணினியில் படிப்பவரைவிடக் கைபேசியில் படிப்பவரே அதிகம். கைபேசியில் கணினியைப் போல எழுத்துரு நிறுவுவது எளிதல்ல. உள்ளே எது இருக்கிறதோ அதுதான். அதனால் எழுத்துருவை நாமே கூட அனுப்ப வேண்டும்.

இணையப் பக்கம் என்றால் எழுத்துருக் கோப்பைத் தளத்திலேயே வைத்து, பக்கத்தின் பாணிக்கோப்பில் (சிஎஸ்எஸ்) அதைக் குறிப்பிட்டால் போதும். எந்த எண்களுக்கு மட்டும் இந்த எழுத்துரு தேவை என்றும் சொல்லிவைக்கலாம். அப்போது முக்கால், முந்திரி வரும் பக்கத்தைத் திறப்பவருக்கு மட்டுமே அது இறங்கும், மற்றவர்களின் டேட்டா வீணாகாது. சிக்னல் ஒரு கோடு மட்டும் நிற்கும் லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) இருந்து படிப்பவருக்கு இது பெரிய விடயம்.

வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் பிடிஎஃப். அதில் பயன்படுத்திய வடிவங்களை மட்டும் எழுத்துருவிலிருந்து வெட்டிக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடலாம். வேர்ட் கோப்பாகவே அனுப்புவதாக இருந்தால் சேமிப்பு விருப்பங்களில் 'எழுத்துருவைக் கோப்பில் பதி' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ஆனால் கைபேசியில் திறக்கும் செயலிகள் அதைப் பொருட்படுத்தும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

கட்டத்துக்குள் என்ன எழுத்து இருக்கிறது என்று அறிய ஒரு சின்ன வழி: பக்கத்தை ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பாருங்கள். வடிவம் கிடைக்காத எழுத்துக்கு அது வெறும் கட்டம் போடுவதில்லை, கட்டத்துக்குள் எழுத்தின் எண்ணைப் பொடியாக எழுதிக் காட்டும். எண் பதினாறடி முறையில் இருக்கும், 3062ஐ அந்த முறையில் 0BF6 என்று எழுதுவார்கள். மேல் வரியில் 0, பி, கீழ் வரியில் எஃப், 6 என்று இருந்தால் அது பற்று. கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். வேர்டில் என்றால் கட்டத்துக்குப் பின்னால் சுட்டியை நிறுத்தி ஆல்ட் விசையோடு எக்ஸை அழுத்துங்கள், கட்டம் எண்ணாக மாறும். மீண்டும் அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

இணையப் பக்கத்தை நேரடியாக எழுதுபவர்கள் குறிகளுக்குப் பதில் ௶ என்றும் 𑿓 என்றும் இடலாம். பக்கத்தின் மூலத்தில் வெறும் இலக்கங்களே இருப்பதால் வழியில் எந்த நிரலும் சிதைக்காது.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரு வேண்டுகோள்: தங்கள் திரையில் முதல் பதிவில் உள்ள வரி எப்படித் தெரிகிறது என்று மட்டும் சொல்ல வருபவர்கள் கணினி வகையையும் சேர்த்து எழுதுங்கள். 'எனக்கும் கட்டம்' என்று மட்டும் எழுதப்பட்ட பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

கூதல்காற்று (ஹட்டன்)

அனைவருக்கும் நன்றி. வாசிகசாலைக் கணினியில் இரண்டு எழுத்துருக்களையும் நிறுவினோம். பற்று, வரவு, மேற்படி எல்லாம் வந்துவிட்டன. முக்கால் சொற்செயலியில் வருகிறது. நாங்கள் பட்டியல் போட வைத்திருந்த பழைய நிரலில் இன்னும் இரட்டைக் கட்டம்தான், அந்த நிரலைக் கைவிடுகிறோம். தளத்தின் நிர்வாகி தரவுத்தளத்தை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கேள்விக்குறி விழுந்த பக்கங்களை எங்கள் கோப்பிலிருந்து மீண்டும் ஏற்றுவோம். கோப்புகள் எல்லாவற்றையும் யுடிஎஃப்8ஆகவே சேமிக்கிறோம்.

இப்போது புதிய கேள்வி. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகைக்கு முன்னால் ஒரு குறி வருகிறது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் வேறொரு குறி, கொக்கி போன்று வளைந்து அடியில் இரண்டு புள்ளிகள். முதலாவதை மொத்தம் என்று ஊகித்தோம். இரண்டாவது எந்த அட்டவணையிலும் இல்லை. ஒரே கும்பலைச் சேர்ந்த ஆட்களின் பெயர்களுக்கு மட்டும் அது வருகிறது.

ஊவாக்காரி (பதுளை)

அது கங்காணி தனக்கென்று வைத்துக்கொண்ட அடையாளமாக இருக்கலாம். கடன் தீராதவர்களா, சொந்த ஊர்க்காரர்களா என்று அந்தப் பெயர்களின் கணக்கைப் பின்தொடர்ந்து பாருங்கள். ஆளின் கடனைத் துண்டில் எழுதி, அதை அடைப்பவரிடம் ஆளை மாற்றிவிடும் துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் கடன் ஒழியவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

எழுத்தெண்ணி (கண்டி)

முதலாவது மொத்தக் குறியாக இருந்தால் 2019இல் வந்த 51 எழுத்துகளில் அதற்கும் இடம் உண்டு. செலவு, வகையறா ஆகியவற்றுக்கும் குறிகள் உண்டு. வரவுக்கு ௷ தவிர இன்னொரு மரபு வடிவமும் அங்கே இருக்கிறது. புத்தகத்தில் உள்ள வடிவத்தை யூனிகோட் அட்டவணைப் படத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகு இடுங்கள்.

இரண்டாவதற்கு, 'இதைப் போலவே இருக்கிறதே' என்று வேறோர் எழுத்தை மட்டும் இட்டுவிடாதீர்கள். அரபு எழுத்திலோ கணிதக் குறியிலோ அதே சாயலில் ஒன்று கிடைக்கும், கை துருதுருக்கும். பிறகு தேடுபவருக்கு அது அரபு எழுத்தாகத்தான் அகப்படும். சதுர அடைப்புக்குள் [குறி 1] என்று எழுதி, புத்தகத்தின் தொடக்கத்தில் அந்தக் குறியின் படத்தையும் அது என்னவாக இருக்கலாம் என்ற உங்கள் ஊகத்தையும் வையுங்கள். அச்சுக்கார அண்ணன் சொன்ன சிறு படம் இங்கேதான் வேண்டும்.

பழைய அச்சுக்காரன் (தலவாக்கலை)

ஸ்கேன் செய்ய என் கடைக்கே கொண்டு வாருங்கள் தம்பி. தட்டையான ஸ்கேனரில் புத்தகத்தை அழுத்தினால் முதுகு உடைந்துவிடும், மேலிருந்து படம் எடுக்கும் நிறுத்தி ஒன்று இருக்கிறது. காசு வேண்டாம். சனிக்கிழமை மட்டும் வர வேண்டாம், அன்று திருவிழா நோட்டீஸ் வேலை.

கூதல்காற்று (ஹட்டன்)

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன் ஐயா. பையனையும் இருக்கச் சொல்லுங்கள், 3062, 73683 என்று எண்களை எழுதிக் கொண்டுவருகிறேன்.